மாமியார் கதைகளும் மகளின் வீடும்

பி. பானுமதி என்றதும் கல்முனை, சாய்ந்தமருது, அக்கரைப்பற்று முதலிய எமது ஊர்களிலே பலரின் நினைவுக்கு வருபவள் ‘அலிபாபாவும் 40 திருடர்களும்’ (1956) படத்தின் மார்ஜியானாவே. அந்நடிகை தெலுங்கு உரைநடையிலே நிலைபெற்ற எழுத்தாளரும் ஆவார் என்பதை அறிந்தோர் சிலரே.

நடிகை எழுதுவதைப் பொழுதுபோக்கென ஒதுக்கிவிடுவது விமர்சகர் சிலரின் வழக்கம். அது நியாயமன்று. 1939இல் ‘வரவிக்ரயம்’ என்ற தெலுங்குப் படத்திலே, வரதட்சிணைக் கொடுமைக்குத் தன்னுயிரையே விடையாக்கிய காளிந்தியாக அறிமுகமானவர் பானுமதி. 1953இல் ‘சண்டிராணி’யைத் தமிழ், தெலுங்கு, இந்தி ஆகிய மும்மொழிகளிலும் இயக்கினார். எனினும் திரையிலே அவர் பெரும்பாலும் பிறர் எழுதிய வசனத்தையே பேசினார். தமது சொந்தக் குரலை ‘அத்தகாரி கதலு’ என்னும் மாமியார் கதைகளிலேதான் கண்டடைந்தார்.

இக்கதைகளைச் சொல்பவள் மருமகள். ஆசாரமும் ஊறுகாய்ச் சாடியுமாக வீட்டை ஆளும் மாமியாரைப் பார்த்து அவள் நகைக்கிறாள், ஆனால் வெறுக்கவில்லை. மாமியாரைக் கொடுமையின் உருவமாகவே காட்டிப் பழகிய திரையுலகிலிருந்து வந்த ஒருவர் இவ்வாறு எழுதியமை சிறு சாதனையன்று. அடுக்களையைத் தவிர வேறு இராச்சியம் அளிக்கப்படாத பெண்ணின் பிடிவாதத்தை இந்நகைச்சுவை நமக்கு உணர்த்துகிறது. ஆயினும் அவளை அடுக்களைக்குள் அடைத்தவர் யார் என்ற வினாவின் வாசலிலே அது நின்றுவிடுகிறது. வசதி படைத்த குடும்பத்தின் எல்லை அது. 1966இல் பத்மஸ்ரீ பெற்ற ஆசிரியரிடம் இக்குறையைச் சுட்டுவது அவரை மதிப்பதன் பாற்பட்டதே.

எமது கரையோர முஸ்லிம் குடும்பங்களின் நிலை வேறு. இங்கே மணமானபின் பெண் புகுந்த வீடு செல்வதில்லை. மாப்பிள்ளையே பெண்வீட்டுக்கு வருகிறார். எனவே மாமியார்–மருமகள் பூசல் எமது கதையின் மையமன்று. மகளுக்குச் சீதன வீடு கட்டிமுடிக்கத் தந்தையும் சகோதரரும் ஆண்டுக்கணக்காக உழைத்து ஓய்வதே எமது அவலம். வீடு பெண்ணின் பெயரில் இருப்பது அவளுக்குப் பாதுகாப்பு என்பது உண்மை. வீடில்லாத ஏழையின் மகள் காத்திருக்க நேர்வதும் உண்மையே.

இம்முரண்பாட்டை அவ்வீட்டினுள் வாழும் பெண்ணே எழுதவேண்டும். காளிந்தியின் கண்ணீரையும் மாமியார் கதைகளின் சிரிப்பையும் ஒருங்கே கைக்கொண்டு அவள் எழுதட்டும். அவளுக்கு ஏடும் எழுதுகோலும் ஊக்கமும் அளிப்பது ஆசிரியர்களாகிய நமது கடமையாகும்.