கோல்ஃப் வீடியோ விளையாட்டுகள்: ஓர் ஒப்பாய்வு

ஒரு கலைக்குரிய கருவி வளருந்தோறும் அக்கலையும் வளர்கின்றது என்னும் எண்ணம் நம்மிடையே ஆழ வேரூன்றியுள்ளது. ஏட்டிலிருந்து அச்சுக்கு வந்தமையாற் கவிதை உயர்ந்துவிடவில்லை என்பதையும், ஒலிபெருக்கி வந்தமையாற் பாட்டுச் சிறந்துவிடவில்லை என்பதையும் நாம் அறிவோம். ஆயினும், வீடியோ விளையாட்டுகளை மதிப்பிடும்போது இவ்வறிவை மறந்துவிடுகின்றோம். பொறி புதிதாயின் ஆட்டமும் சிறந்ததே என்பது அதனை விற்போர் கூறும் கூற்று. அதனைத் திறனாய்வாளரும் தமது கூற்றாக ஏற்றல் தகுமா என்பதே இக்கட்டுரையில் ஆராயப்படும் வினாவாகும்.

இவ்வினாவுக்கு விடை காணக் கோல்ஃப் விளையாட்டு மிகவும் ஏற்றது. ஏறக்குறைய ஒவ்வொரு தலைமுறை விளையாட்டுப் பொறியிலும் கோல்ஃப் ஆட்டம் ஒன்றேனும் வெளிவந்துள்ளது. பொருள் ஒன்று, விதிகளும் பெரும்பாலும் மாறாதவை. ஒரே இராம கதையைப் பல புலவர் பாடியிருத்தலின் அவரவர் ஆற்றலை ஒப்பிடுதல் எளிதாவதுபோல, ஒரே விளையாட்டைப் பல தலைமுறையினர் அமைத்திருத்தலின் அவ்வமைப்புகளை ஒப்பிடுதலும் எளிதாகின்றது.

முதற்கண், கோல்ஃப் விளையாட்டின் உயிர் யாதென வரையறுத்தல் வேண்டும். நுவரெலியாவில் 1889ஆம் ஆண்டு முதல் கோல்ஃப் கழகம் ஒன்று இருந்துவரினும், நம்மிற் பலர் அதன் புற்றரையை வேலிக்கு வெளியே நின்று கண்டவரேயாவர். ஆதலின் அவ்விளையாட்டின் இயல்பைச் சுருக்கமாகக் கூறுதல் பொருந்தும். கிரிக்கெட்டில் மட்டையாளன் தன்னை நோக்கி வரும் பந்துக்கு மறுமொழி கூறுகின்றான். கோல்ஃபிலோ பந்து அசையாது கிடக்கின்றது. எதிர்த்து நிற்பார் எவருமிலர். தூரம், காற்று, தரையின் சரிவு ஆகியவற்றை நோக்குதற்கு வேண்டிய பொழுதும் உண்டு. நோக்கியபின் ஒரு துணிவுக்கு வரவேண்டும். துணிந்து அடித்தபின்னரோ பந்தைத் திருப்பியழைக்கும் வழி யாதுமில்லை. அது மணற்குழியில் வீழினும் நீரில் வீழினும் விளைவை ஏற்றேயாகவேண்டும். நோக்கல், துணிதல், ஏற்றல் என்னும் இம்மூன்றுமே இவ்விளையாட்டின் உயிர் என்பது எமது கருத்து. இனிக் கூறப்படும் ஆட்டங்கள் யாவும் இவ்வுரைகல்லிலேயே உரைத்துப் பார்க்கப்படும்.

1980இல் அட்டாரி நிறுவனம் தனது 2600 என்னும் பொறிக்கு ஒரு கோல்ஃப் ஆட்டத்தை வெளியிட்டது. ஒன்பது குழிகளே அதிலுண்டு. வானிலிருந்து பார்ப்பது போன்ற காட்சி. மரமும் நீரும் மணலும் வெறும் நிறத்திட்டுகளாகவே தோன்றும். அடியின் விசையை அளந்து காட்டும் எதுவும் திரையில் இல்லை. ஆகவே, ஆடுவோனுக்கு நோக்குதற்கு வேண்டிய செய்திகள் குறைவு; துணிவும் குருட்டுத் துணிவாகவே அமைகின்றது. முயற்சி போற்றத்தக்கதாயினும், விளையாட்டின் உயிர் அதில் இன்னும் புகவில்லை.

அவ்வுயிரைக் கண்டுபிடித்த ஆட்டம் 1984இல் யப்பானில் நின்டெண்டோ நிறுவனத்தின் ஃபெமிகொம் பொறிக்கு வெளிவந்தது. அதன் பெயரும் ‘கோல்ஃப்’ என்பதே. இதற்கான செய்நிரலை எழுதியவர் அந்நாளில் ஹால் ஆய்வகத்திற் பணியாற்றிய சத்தோரு இவாத்தா. 2002இல் நின்டெண்டோவின் தலைவரானவரும் அவரே. பதினெட்டுக் குழிகளுக்குரிய தரவுகளை அச்சிறு கார்ட்ரிஜ்ஜினுள் அடக்குதல் இயலாதென வேறு நிறுவனங்கள் கைவிட்டமையையும், தாமே ஒரு சுருக்கமுறையை வகுத்து அதனை இயலச் செய்தமையையும் இவாத்தா பிற்காலத்தில் எடுத்துரைத்துள்ளார். முழு ஆட்டமும் 40 கிலோபைட்டுக்கு மேற்படாதது. இன்று கைப்பேசியில் எடுக்கும் ஒரு நிழற்படம் அதனினும் பன்மடங்கு பெரியது.

இச்சிறுமையினுள் அமைந்த பெருமை யாது? திரையின் ஒருபுறம் குழியின் முழு வரைபடம். மறுபுறம் மட்டையுடன் நிற்கும் ஆட்டக்காரன். அவனுக்குத் துணையாக ஓர் அளவுப்பட்டை. பொத்தானை ஒருமுறை அழுத்தினால் பட்டையிற் குறிமுள் ஓடத் தொடங்கும். இரண்டாம் முறை அழுத்தினால் விசை உறுதியாகும். குறிமுள் திரும்பி வருகையிற் சரியான புள்ளியில் மூன்றாம் முறை அழுத்தினால் பந்து நேரே செல்லும். முந்தினாலும் பிந்தினாலும் பக்கஞ் சாயும். இவ்வளவே. ஆயினும் ஆழ்ந்து நோக்கின், நாம் மேலே வகுத்த மூன்றும் இம்மூன்று அழுத்தங்களில் அடங்கியிருத்தல் புலப்படும். முதலழுத்தத்தின் முன் வேண்டிய மட்டும் சிந்திக்கலாம். அதன்பின் சிந்தனைக்கு இடமில்லை. விசையை மிகுதியாக விரும்புவோன் குறிமுள்ளை நெடுந்தூரம் ஓடவிடல் வேண்டும். ஓடவிட்டு நிறுத்தத் தவறினால் விரும்பியது கிட்டாது. பேராசைக்கும் நிதானத்துக்கும் இடையிலுள்ள பழைய வழக்கு, ஒரு விரலளவான பட்டையின் மீது ஒவ்வோர் அடியிலும் மீண்டும் விசாரிக்கப்படுகின்றது. பின்வந்த கோல்ஃப் ஆட்டங்களிற் பெரும்பாலானவை இம்மூன்றழுத்த முறையையே அடியொற்றிச் சென்றமை இதன் வலிமைக்குச் சான்றாகும்.

அடுத்து வந்தோர் காட்சியை விரிவாக்க முயன்றனர். 1986இல் அமெரிக்காவின் அக்ஸஸ் நிறுவனம் கொமடோர் 64 கணினிக்கு வெளியிட்ட ‘லீடர் போர்ட்’ ஆட்டம், ஆடுவோனின் பின்னிருந்து நோக்கும் முப்பரிமாணக் காட்சியை அளித்தது. நீர் சூழ்ந்த தீவுகளே அதன் களம். நீரில் வீழ்ந்தால் தண்டம் என்னும் ஒரே அச்சத்தைக் கொண்டு அது ஆட்டத்தை நடத்திச் சென்றது. 1991இற் சூப்பர் ஃபெமிகொம் பொறிக்கு ரி அன்ட் ஈ சொஃப்ட் நிறுவனம் வழங்கிய அகஸ்ரா ஆட்டம், அமெரிக்காவின் ஜோர்ஜியா மாநிலத்திலுள்ள மெய்யான களத்தின் மேடுபள்ளங்களைப் பல்கோண உருவங்களாக வரைந்தது. ஒவ்வோர் அடிக்கும் காட்சி வரையப்பட்டு முடியும்வரை காத்திருத்தல் வேண்டும். இதனைக் குறையென்போர் பலர். ஆயினும், நடந்து சென்று பந்தை அணுகும் மெய்யான ஆட்டத்தின் இடைப்பொழுதை அத்தாமதம் ஓரளவு நினைவூட்டுகின்றது என்றுங் கூறலாம்.

1990இற் கணினிகளிலும் 1991இல் மெகா டிரைவ் பொறியிலும் வெளிவந்த ‘பிஜிஏ டூர் கோல்ஃப்’ இவ்வகையில் மேலுஞ் சென்றது. ஒவ்வொரு குழியும் ஆடப்படுமுன் அதன்மேற் பறந்து செல்வது போன்ற காட்சி காட்டப்படும். தொழின்முறை ஆட்டக்காரரின் அறிவுரையுந் தரப்படும். குழியைச் சூழ்ந்த புற்பரப்பின் சரிவுகள் கட்டங்களால் விளக்கப்படும். இவை வெறும் அலங்காரமல்ல; நோக்கலென்னும் முதற்கூறினைச் செழுமைப்படுத்துவன. கருவியின் வளர்ச்சி கலைக்குத் துணை செய்தமைக்கு இது நல்ல எடுத்துக்காட்டு. எனவே, பழையது யாவும் உயர்ந்தது, புதியது யாவும் தாழ்ந்தது என்பது எமது வாதமன்று. 1984ஆம் ஆண்டு ஆட்டத்தில் ஒரேயொரு களமே உண்டு. மின்னிணைப்பை நீக்கியதும் பெற்ற புள்ளிகளும் அழிந்துவிடும். இவை மறுக்கலாகாக் குறைகள்.

காட்சியை விரித்தோர் ஒருபுறமிருக்க, அடிக்கும் முறையையே மாற்றிப் பார்த்தோரும் உளர். 1996இல் நாஸ்கா நிறுவனம் நியோ ஜியோ பொறியில் அளித்த ‘நியோ டர்ஃப் மாஸ்டர்ஸ்’ மூன்றழுத்த முறையைத் துணிவுடன் திருத்தியது. விசையை நிறுத்தியபின் பந்து செல்லவேண்டிய உயரத்தை நிறுத்தும்படி அது கேட்கின்றது. தவறின்றி அடித்தாயா என்னும் வினாவை நீக்கி, எவ்வாறு அடிக்க எண்ணினாய் என்னும் வினாவை வைத்தமை அதன் சிறப்பு. 1997இற் பிளேஸ்டேஷனில் வெளிவந்த ‘மின்னா நோ கோல்ஃப்’ ஆட்டத்தையும், 1999இல் நின்டெண்டோ 64இல் வெளிவந்த ‘மாரியோ கோல்ஃப்’ ஆட்டத்தையும் அமைத்தது கமலொட் என்னும் ஒரே நிறுவனம். பெருந்தலையுடைய கேலிச்சித்திர மாந்தரையும் வேடிக்கை உலகையும் அவற்றிற் கண்டு, இவை சிறுவர்க்குரியவை என ஒதுக்குவோர் உளர். அது மேற்போக்கான தீர்ப்பு. வேடிக்கையான தோற்றத்தின் அடியில் 1984ஆம் ஆண்டின் மூன்றழுத்தம் சிதையாது நிற்கின்றது. அதே 1999இற் கேம் போய் கலர் என்னும் கைப்பொறிக்கு வந்த ‘மாரியோ கோல்ஃப்’, ஓர் இளம் ஆட்டக்காரன் போட்டிகளை வென்று படிப்படியாக உயர்வதைக் கதையாக்கியது. கடிதினிற் கிட்டாத தேர்ச்சியே அக்கதையின் பொருள்.

இனி, வளர்ச்சியே தளர்ச்சியான இடத்தை நோக்குவாம். 2000களின் தொடக்கத்தில் வெளிவந்த டைகர் வூட்ஸ் பெயர் தாங்கிய ஆட்டத் தொடரிற் காட்சியழகு மிக உயர்ந்தது. அளவுப்பட்டைக்குப் பதிலாக, கட்டைவிரலால் அசைக்கும் சிறு தண்டைப் பின்னிழுத்து முன் தள்ளும் முறை புகுத்தப்பட்டது. மட்டையின் வீச்சை விரலின் அசைவு பின்பற்றுதலின் இம்முறை பாராட்டத்தக்கதே. ஆயினும் அதனுடன் மற்றொன்றும் புகுந்தது. பந்து வானிற் பறந்துகொண்டிருக்கையிலேயே பொத்தானைப் பலமுறை தட்டி அதற்குச் சுழற்சியூட்டலாம் என்பதே அது. கைவிட்டுப் போன பந்தை மீண்டும் ஆளும் இவ்வுரிமை மெய்யான கோல்ஃபில் எவருக்கும் இல்லை. புல்லின் நுனியும் நிழலின் சாயலும் மெய்போலத் தீட்டப்பட்ட ஒரு களத்தில், விளையாட்டின் மெய்ம்மையே இழக்கப்பட்டது. திரையிற் சில கட்டங்களால் ஆன பழைய ஆட்டக்காரன் தன் பிழையை ஏற்றான். ஒளியுந் தசையுமாய்த் தோன்றும் புதியவன் தன் பிழையைப் பறக்கும்போதே திருத்திக்கொள்கின்றான். புற ஒப்புமை பெருகுந்தோறும் அக ஒப்புமையும் பெருகும் என்பது விதியன்று என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

2006இல் நின்டெண்டோவின் வீ பொறியுடன் வெளிவந்த ‘வீ ஸ்போர்ட்ஸ்’ இவ்வரலாற்றை வியப்புக்குரிய வகையில் ஒரு சுற்றுச் சுற்றி முடித்தது. அதிலுள்ள கோல்ஃபின் ஒன்பது குழிகளும் 1984ஆம் ஆண்டு ஆட்டத்தின் குழிகளைத் தழுவி அமைக்கப்பட்டவை. இருபத்திரண்டு ஆண்டுகளின் பின் அதே நிலத்தில் வேறொரு கருவி கொண்டு ஆடுகின்றோம். இங்கே ஆடுவோன் கையிலுள்ள கருவியையே மட்டையாக வீசுகின்றான். பொத்தானை அழுத்தாத வரை எத்தனை முறை வேண்டுமாயினும் வீசிப் பழகலாம். அழுத்தி வீசியதே அடியாகும். அளவுக்கு மீறி வீசினால் பந்து நெறி பிறழும். சிந்திக்கும் பொழுதையும் மீளாத பொழுதையும் பிரிக்கும் கோடு ஒரு பொத்தானில் நிற்கின்றது. புதுமை முழுதும் வெளியே இருக்க, பழைய உயிர் உள்ளே குன்றாதிருத்தலைக் காண்கின்றோம். கருவி மாறியும் கலை மாறாது நின்றமைக்கு இஃது எடுத்துக்காட்டு.

இவ்வொப்பீடு பொழுதுபோக்கு ஆராய்ச்சி மட்டுமன்று. வீடியோ கேம் ஹிஸ்டரி ஃபவுண்டேஷன் என்னும் அமைப்பு 2023இல் வெளியிட்ட ஆய்வின்படி, 2010க்கு முன் அமெரிக்காவில் வெளிவந்த ஆட்டங்களுள் ஏறக்குறைய 87 விழுக்காடு இன்று விலை கொடுத்து வாங்குதற்குக் கிட்டாதவை. ஏடுகள் செல்லரித்தமையாற் பல நூல்களை இழந்த நமக்கு இச்செய்தியின் பொருள் எளிதில் விளங்கும். எவற்றைக் காத்தல் வேண்டும் என்னும் வினா எழும்போது, புதியதே சிறந்தது எனக் கொள்வோரிடம் விடையில்லை. 2015 யூலை 11இல் இவாத்தா மறைந்தார். 2017இல் வெளிவந்த ஸ்விட்ச் பொறியினுள் அவரது 1984ஆம் ஆண்டு ஆட்டம் மறைத்து வைக்கப்பட்டிருந்தமையும், அவர் மறைந்த நாளில் அவர்க்குரிய கைச்சைகை செய்தால் அது திறக்கும் என்பதும் அவ்வாண்டிலேயே வெளிப்பட்டன. அவ்வேற்பாடு பின்னர் நீக்கப்பட்டது. ஒருவரது நினைவுக்கு அவர் எழுதிய செய்நிரலையே நடுகல்லாக நட்டவர்கள், 40 கிலோபைட்டுக்குள் அடங்கிய அப்படைப்பின் பெறுமதியை அறிந்தவர்கள் என்பதில் ஐயமில்லை.

ஆதலின் மாணவர்க்கு யாம் கூறுவது இதுவே. ஓர் ஆட்டத்தை மதிப்பிடப் புகுவோர், எத்தனை நிறம் காட்டுகின்றது, எத்தனை களம் தருகின்றது என்பவற்றை இறுதியிற் கேட்கலாம். முதலிற் கேட்கவேண்டியவை வேறு. அது எம்மைச் சிந்திக்க விடுகின்றதா? சிந்தித்ததன்மீது துணியச் செய்கின்றதா? துணிந்ததன் பயனை எமக்கே உரியதாக்குகின்றதா? இம்மூன்றுக்கும் ஆம் என விடையிறுக்கும் ஆட்டம் எந்தத் தலைமுறைப் பொறியிற் பிறந்ததாயினும் போற்றிக் காக்கத்தக்கதேயாம்.