எதை விட்டார்கள் என்று பாருங்கள்

மேஜிக்: தி கேதரிங் போட்டியில் ஆடப்பட்ட டெக் ஒன்றின் பட்டியல் கைக்கு வந்தால், நான் முதலில் எண்ணுவது நிலச் சீட்டுகளைத்தான். பெயர் பெற்ற சீட்டுகள், விலை உயர்ந்த சீட்டுகள், படம் அழகான சீட்டுகள் எல்லாம் அப்புறம். அறுபதில் நிலம் எத்தனை? பதினெட்டு என்றால் இந்த டெக் நாலைந்து முறைக்குள் ஆட்டத்தை முடித்துவிட நினைக்கிறது. இருபத்தாறு என்றால் பத்தாவது முறையிலும் உயிரோடு இருப்போம் என்று நம்புகிறது. அந்த ஓர் எண்ணிலேயே டெக்கைச் செய்தவரின் மனம் பாதி தெரிந்துவிடும்.

ஆட்டத்தை அறியாதவர்களுக்குச் சுருக்கமாக: ரிச்சர்ட் கார்ஃபீல்ட் வடிவமைத்து, விஸார்ட்ஸ் ஆஃப் தி கோஸ்ட் நிறுவனம் 1993இல் வெளியிட்ட ஆட்டம் இது. இருவர் எதிரெதிரே அமர்வார்கள். ஆளுக்கு 20 உயிர்ப்புள்ளி. தொடக்கத்தில் கையில் ஏழு சீட்டு. ஒரு முறைக்கு ஒரு நிலச் சீட்டை மட்டும் மேசையில் வைக்கலாம். நிலம் தருவது மானா என்னும் ஆற்றல். மற்றச் சீட்டுகளுக்கு அதுதான் விலை. நம் சாதாரணச் சீட்டாட்டத்தில் எல்லோருக்கும் ஒரே கட்டு. இங்கே ஒவ்வொருவரும் தன் கட்டைத் தானே தேர்ந்து செய்துகொண்டு வருகிறார்; அந்தக் கட்டுதான் டெக். இதுவரை வெளிவந்த இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட சீட்டுகளில், அந்தப் போட்டி அனுமதிப்பவற்றிலிருந்து குறைந்தது அறுபது. முதல் ஆட்டத்துக்குப் பிறகு மாற்றிக்கொள்ள சைட்போர்டில் பதினைந்து. அடிப்படை நிலங்களைத் தவிர எந்தச் சீட்டும் நான்குக்கு மேல் கூடாது.

இருபதாயிரத்தில் அறுபதை எடுப்பது என்றால், மிச்சம் எல்லாவற்றையும் வேண்டாம் என்று ஒதுக்குவதுதானே. நல்ல டெக்கின் அழகு அந்த ஒதுக்கலில் இருக்கிறது என்பது என் எண்ணம். ஆனால் ஒரு பட்டியலை மட்டும் தனியாக வைத்துப் பார்த்தால் அது கண்ணில் படாது. வேறொரு பட்டியலைப் பக்கத்தில் வைத்தால்தான் இவர் எதை விட்டார், அவர் எதை விட மறுத்தார் என்பது துலங்கும்.

அப்படிப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க, முப்பது ஆண்டு வரலாற்றில் எனக்கு மிகவும் பிடித்த ஜோடி, ஆட்டம் தொடங்கிய சில ஆண்டுகளுக்குள்ளேயே வந்துவிட்டது.

முதலாவது, 1990களின் நடுவில் கலிஃபோர்னியாவைச் சேர்ந்த பிரையன் வைஸ்மன் செய்தது. அதற்குப் பெயரே 'தி டெக்'. அந்தக் காலத்தில் பெரும்பாலோர் பெரிய பெரிய மிருகங்களை அடுக்கிக்கொண்டு வந்தார்கள். வைஸ்மன் தன் பட்டியலில் வெற்றிக்கென்று வைத்தது இரண்டே இரண்டு செர்ரா ஏஞ்சல். மற்ற இடமெல்லாம் மறுப்புக்கு. எதிராளி சீட்டு போடும்போதே அதைத் தடுக்க மானா டிரெய்ன். தப்பி வந்த உயிரினத்தை அகற்ற ஸ்வோர்ட்ஸ் டு ப்ளவ்ஷேர்ஸ். மோட் என்று ஒரு சீட்டு: அது மேசையில் இருக்கும்வரை பறக்காத எந்த உயிரினமும் தாக்க முடியாது. எதிராளியின் தரைப்படை முழுவதும் அகழிக்கு அப்பால் நின்றுவிடும். ஏஞ்சல் மட்டும் மேலே பறந்துபோய் அடிக்கும். அதன் வலிமை நான்கு. இருபது புள்ளிக்கு ஐந்து அடி போதும். தாக்கிய பிறகும் களைக்காமல் காவலுக்கு நிற்கும் உயிரினம் அது என்பதால், ஒரே சீட்டு வாளாகவும் கேடயமாகவும் இருந்தது.

இதில் இன்னும் நுட்பமானது ஒன்று உண்டு. எதிராளி தன் டெக்கில் உயிரினங்களைக் கொல்லும் சீட்டுகளை நிறைய வைத்திருப்பார். வைஸ்மனிடம் அந்த இரண்டு ஏஞ்சலைத் தவிரக் கொல்வதற்கு உயிரினமே கிடையாது. ஆகவே அந்தச் சீட்டுகள் எதிராளியின் கையிலேயே கிடந்து வீணாகும். ஒரு சீட்டுகூடச் செலவழிக்காமல் எதிராளியின் நாலைந்து சீட்டுகளை அவர் செல்லாதவை ஆக்கிவிட்டார். வெறும் இல்லாமையால் கிடைத்த லாபம் இது. மிச்சம் இருந்ததை டிஸ்ரப்டிங் செப்டர் கவனித்துக்கொண்டது: மூன்று மானா கொடுத்தால் எதிராளி கையிலிருந்து ஒரு சீட்டைக் கழிக்க வேண்டும். அவர் ஒரு முறைக்கு எடுப்பது ஒரு சீட்டு, இழப்பதும் ஒரு சீட்டு. ஆட்டம் அதிகாரபூர்வமாக முடிய இன்னும் வெகுநேரம் ஆகும். முடிவு என்னவோ அப்போதே தெரிந்துவிடும். சீட்டு எண்ணிக்கையில் முந்துவதே வெற்றி என்ற கருத்து இந்த டெக்கின் வழியாகத்தான் ஆட்டக்காரர்களிடம் வேரூன்றியது.

இரண்டாவது, இதற்கு நேர் எதிர்த் துருவம். 1996இல் அட்லாண்டாவில், புரோ டூர் என்ற தொழில்முறைப் போட்டித் தொடருக்காக நடந்த தகுதிப் போட்டி ஒன்றில் பால் ஸ்லை என்பவர் சிவப்பு நிற டெக் ஒன்றை ஆடி இரண்டாம் இடம் பிடித்தார். செய்தவர் ஜே ஷ்னைடர்; ஆனால் ஆடியவரின் பெயரே டெக்குக்கு நிலைத்துவிட்டது. அந்தப் பட்டியலைப் பார்த்தவர்கள் முதலில் குழம்பியிருப்பார்கள். அயர்ன்க்ளா ஆர்க்ஸ் என்ற சீட்டு அதில் நான்கு. தன்னை எதிர்த்து வரும் உயிரினத்தின் வலிமை இரண்டோ அதற்கு மேலோ இருந்தால் தடுக்க மறுக்கும் கோழை அது. யாரும் சீண்டாத சீட்டு. அதற்கு நான்கு இடம் ஏன்?

விடை கணக்கில் இருக்கிறது. முறைக்கு ஒரு நிலம் என்றால் முதல் முறையில் ஒரு மானா, அடுத்ததில் இரண்டு, பிறகு மூன்று, நான்கு. முதல் நான்கு முறைகளில் மொத்தம் பத்து மானா. நான்காம் முறைவரை கையைக் கட்டிக்கொண்டிருந்து அப்போதுதான் பெரிய சீட்டை இறக்குபவர் பத்தில் நான்கை மட்டும் பயன்படுத்துகிறார், ஆறு வீண். ஷ்னைடர் அந்த ஆறையும் வீணாக்காமல் இருக்க வழி தேடினார். முதல் முறையில் போட ஒன்று, இரண்டாம் முறையில் போட ஒன்று என்று விலைவாரியாகச் சீட்டுகளை அடுக்கினார். ஒவ்வொன்றையும் தனியே எடைபோட்டால் அற்பம்தான். ஆனால் உரிய முறையில் மேசைக்கு வந்து தினக்கூலி வேலைபோல இரண்டு புள்ளி, இரண்டு புள்ளியாக எதிராளியைக் கரைக்கும். கடைசிச் சில புள்ளிகளுக்கு லைட்னிங் போல்ட்: ஒரு மானாவுக்கு மூன்று புள்ளிச் சேதம். தடுப்பதற்கு இல்லாமல் தாக்குவதற்கு மட்டுமே வாங்கிய ஆளிடம் 'தடுக்கத் தெரியாது' என்ற குறை ஒரு குறையா? ஆர்க்கின் கோழைத்தனம் அந்த டெக்கைத் தொடவே இல்லை.

இரண்டும் ஒரே மேசையில் மோதச் செய்யப்பட்டவை அல்ல. தி டெக், பிளாக் லோட்டஸ் போன்ற அரிய பழஞ்சீட்டுகள் செல்லும் டைப் 1 பிரிவுக்கானது. ஸ்லை, அண்மைக் காலச் சீட்டுகள் மட்டுமே செல்லும் டைப் 2 பிரிவில் ஆடப்பட்டது. ஆனாலும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வைஸ்மன் வேகத்தை முழுவதுமாக விட்டுவிட்டு நேரத்தை வாங்கிக்கொண்டார். ஷ்னைடர் பிற்பாதி ஆட்டத்தை முழுவதுமாக விட்டுவிட்டு முற்பாதியை வாங்கிக்கொண்டார். இரண்டு பேருமே பாதி விலையில் ஒத்துக்கொள்ளவில்லை. இன்றைக்குப் போட்டிகளில் ஆடப்படும் பெரும்பாலான டெக்குகள் இந்த இரண்டு முடிவுகளுக்கு நடுவில் எங்கோ ஓர் இடத்தில் நிற்பதைக் காணலாம். இரண்டில் ஒன்றைத்தான் எடுக்கலாம் என்றால் நான் ஸ்லையின் பட்டியலை எடுப்பேன். சிறந்த சீட்டுகளை வைத்துச் சிறந்த டெக் செய்வது ஒரு திறமை. ஒதுக்கிப்போட்ட சீட்டுக்கு உரிய இடத்தைக் கண்டுபிடிப்பது அதைவிடப் பெரியது.

மூன்றாவது வகை ஒன்றும் உண்டு: எதிராளியைக் கவனிக்கவே கவனிக்காத டெக். 1997இல் பாரிஸில் நடந்த புரோ டூரை மைக் லாங் வென்ற ப்ராஸ்புளூம் அதற்கு உதாரணம். கெடாவரஸ் புளூம் கைச்சீட்டை மானாவாக மாற்றும்; ப்ராஸ்பெரிட்டி மானாவைக் கைச்சீட்டாக மாற்றும். சுழன்று சுழன்று பெருகி, கடைசியில் டிரெய்ன் லைஃப் என்ற ஒரே சீட்டால் எதிராளி சாய்வார். அந்த டிரெய்ன் லைஃப் அறுபதில் ஒன்றே ஒன்று. இறுதிச் சுற்றின் ஓர் ஆட்டத்தில் சுழற்சி நின்றுவிடாமல் இருக்க லாங் அதையே மானாவுக்குத் தின்னக் கொடுத்துவிட்டுத் தொடர்ந்தார் என்பதும், எதிரே இருந்த மார்க் ஜஸ்டிஸ் தோல்வியை ஒப்புக்கொண்டுவிட்டார் என்பதும் ஆட்டக்காரர்கள் இன்றும் சொல்லும் செய்தி. இந்த வகை டெக்குகளைக் கண்டு வியக்கிறேன். மனம் ஒட்டுவதில்லை. எதிரே ஆள் இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒன்றுதான் என்னும் ஆட்டத்தில் பாதி ஆட்டம் குறைகிறது.

பட்டியலைப் படிக்கும்போது எண்களிலும் நின்று பார்க்க வேண்டும். ஒரு சீட்டு நான்கு இருந்தால், தொடக்கத்து ஏழு சீட்டுகளில் ஒன்றாவது வருவதற்கான வாய்ப்பு ஏறத்தாழ 40 விழுக்காடு. மூன்றானால் 31.5. ஒன்றே ஒன்றென்றால் 12க்குச் சற்றுக் குறைவு. ஆகவே 'நான்கு' என்று எழுதியவர் அந்தச் சீட்டு முதல் கையிலேயே வேண்டும் என்கிறார். 'இரண்டு' என்று எழுதியவர் இது வரும்போது வரட்டும், இரண்டாவது ஒன்று கையில் சேர்ந்தால் பாரம் என்கிறார். ஒரே வகை டெக்கை இருவர் செய்திருக்கும்போது வேறுபாடு பெரும்பாலும் இந்த இரண்டிலும் மூன்றிலும்தான் ஒளிந்திருக்கும்.

அந்த நெருக்கத்தின் உச்சம் 2000ஆம் ஆண்டு பிரஸ்ஸல்ஸில் நடந்த உலகச் சாம்பியன் போட்டி. இறுதிச் சுற்றில் ஜான் ஃபிங்கலும் பாப் மேஹரும் ஏறக்குறைய ஒரே டெக்கோடு மோதினார்கள், இருவருடையதும் டிங்கர் என்ற சீட்டைச் சுற்றிச் செய்தது. வென்றவர் ஃபிங்கல். ஒரே ராகத்தை இரண்டு வித்வான்கள் அடுத்தடுத்துப் பாடக் கேட்பதைப் போன்றது இத்தகைய சுற்று. சரக்கு ஒன்றாகிவிட்டதால் கவனம் முழுவதும் தீர்ப்பில் போய் நிற்கிறது: யார் முதலில் பாய்வது, யார் பொறுத்திருப்பது. மைக் ஃப்ளோர்ஸ் 1999இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரை இதைப் பற்றியதுதான். ஒத்த இரண்டு டெக்குகள் மோதும்போது ஒருவர் தாக்குபவர், மற்றவர் தடுப்பவர். தன் பங்கைத் தவறாகப் புரிந்துகொண்டவர் தோற்பார் என்பது அவர் வாதம். நிலத்தை எண்ணிக் கண்டுபிடித்த குணம் எதிரே வந்து உட்காருபவரைப் பொறுத்து மாறும் என்பதை அவர் சொல்லித்தான் பலரும் கண்டார்கள்.

2006இல் ஹொனலூலு புரோ டூர் அரையிறுதியில் கிரெய்க் ஜோன்ஸ் செய்தது அந்த வாதத்துக்கு எனக்குத் தெரிந்த மிகச் சிறந்த செயல்விளக்கம். தோல்வி அடுத்த முறையிலேயே காத்திருந்தது. கையில் இருந்த சேதச் சீட்டை எதிரே நின்ற உயிரினத்தின் மீது செலவழித்து ஒரு முறை கூடுதலாக வாழ்ந்திருக்கலாம். அவர் அதை ஆலிவியே ரூவெலின் மீதே எய்து அவரை மூன்று புள்ளிக்குக் கொண்டுவந்தார். அடுத்து எடுத்த சீட்டு லைட்னிங் ஹீலிக்ஸ்: மூன்று புள்ளிச் சேதம். அரங்கம் எழுந்து ஆர்ப்பரித்தது. அதிர்ஷ்டம்தான், ஆனால் அந்த அதிர்ஷ்டம் வந்தால் பயன்படும்படி முந்தைய முறையிலேயே இடம் ஒதுக்கி வைத்தவர் அவர்.

பிற்காலத்து டெக்குகளில் வேலைப்பாட்டுக்காக நான் திரும்பத் திரும்பப் பார்ப்பது கா-பிளேடு. 2011 பிப்ரவரியில் பாரிஸ் புரோ டூரை பென் ஸ்டார்க் இதைக் கொண்டு வென்றார். ஸ்குவாட்ரன் ஹாக் ஒரு சின்னப் பருந்து. இறங்கியதும் தன் பெயருள்ள மற்ற மூன்றையும் டெக்கிலிருந்து தேடிக் கைக்குக் கொண்டுவரும். கை நிறையும், ஆனால் நிறைவது வெறும் குருவிப்படை. பக்கத்தில் ஜேஸ் என்ற சீட்டு இருந்தால் கதை வேறு: மூன்று சீட்டு எடுத்து, கையிலிருந்து ஏதாவது இரண்டை டெக்கின் மேல் திருப்பி வைக்கலாம். உபரிப் பருந்துகள் அங்கே போகும். அடுத்த பருந்து வந்து தேடும்போது டெக் கலைக்கப்படும். போனவையே திரும்பக் கைக்கு வரும். கழிவாகப் போக வேண்டியதே மூலதனமாகிவிட்டது. ஸ்டோன்ஃபோர்ஜ் மிஸ்டிக் என்ற இன்னொரு சீட்டு தேடித் தரும் வாளை ஏந்திய ஒரு பருந்து அடித்துவிட்டால் எதிராளி ஒரு சீட்டை இழப்பார். அடித்தவரின் நிலங்களெல்லாம் மீண்டும் பயனுக்கு வரும். ஆக ஒரே முறையில் தாக்கவும் செய்யலாம், தடுக்க மானாவும் மிச்சம். வைஸ்மனும் ஷ்னைடரும் ஆளுக்கொன்றாக விட்டதை இந்த டெக் இரண்டையும் விடாமல் பிடித்துக்கொண்டது. அதனால்தான் தாங்க முடியாததாகவும் ஆயிற்று. அதே ஆண்டு ஜூனில் ஸ்டாண்டர்ட் என்ற போட்டிப் பிரிவில் ஜேஸும் ஸ்டோன்ஃபோர்ஜ் மிஸ்டிக்கும் தடை செய்யப்பட்டன. தடை சரியானதே. ஆனாலும் அந்தப் பருந்துச் சுழற்சியைப் போல் நேர்த்தியான ஒன்றை அபூர்வமாகத்தான் பார்த்திருக்கிறேன்.

இதற்குப் பக்கத்தில் 2016இன் எல்ட்ராஸி டெக்கை வைத்தால் வலிமைக்கும் அழகுக்கும் உள்ள தூரம் தெரியும். அட்லாண்டா புரோ டூரின் கடைசி எட்டுப் பேரில் ஆறு பேர் ஆடியது எல்ட்ராஸி. காரணம் ஐ ஆஃப் யூகின் என்ற ஒரு நிலம்: நிறமற்ற எல்ட்ராஸிச் சீட்டு ஒவ்வொன்றின் விலையிலும் இரண்டு மானா குறைக்கும். இரண்டு மானா விலையுள்ள உயிரினம் இலவசமாக வரும். ஒன்றல்ல, கையில் இருக்கும் அத்தனையும். முதல் முறையிலேயே மேசை நிரம்பிவிடும். ஷ்னைடர் பத்து மானாவைக் கணக்குப் போட்டுக் கணக்குப் போட்டுச் செலவழித்தார்; இங்கே கணக்குக்கே வேலை இல்லை. எதையும் விட்டுக்கொடுக்காத டெக், ஆகவே பார்க்கவும் எதுவும் இல்லாத டெக். ஏப்ரலில் அந்த நிலத்தைத் தடை செய்தார்கள்.

புதிதாக இந்த ரசனைக்குள் வருபவர்கள் வென்ற டெக்கை மட்டும் தேடிப் படிக்காதீர்கள். அதே போட்டியில் அதனிடம் தோற்ற டெக்கின் பட்டியலையும் எடுத்து அருகில் வையுங்கள். இரண்டிலும் நிலங்களை எண்ணுங்கள். பிறகு இரண்டிரண்டாக வைத்திருக்கும் சீட்டுகளைப் பாருங்கள், கடைசியாக சைட்போர்டின் பதினைந்தை. தொடங்குவதற்கு வைஸ்மனின் பட்டியலும் ஸ்லையின் பட்டியலும் போதும்.