சீசியம் எங்கே போனது?

ஃபுகுஷிமா கழிவுநீர் பற்றிய அறிவியல் கட்டுரைகளில் எனக்கு ஒரு குறை உண்டு. ஜியோலைட் கதிரியக்கத்தை நீக்கிவிட்டது என்று எழுதி முடித்துவிடுகிறார்கள். இடம் மாற்றியது, அவ்வளவுதாங்க.

ஜியோலைட்டின் நுண்துளைகளில் இருக்கும் சோடியம் வெளியே வர, அந்த இடத்தில் சீசியம் உட்காருகிறது. 2011ல் உலைகளைக் குளிர்விக்கக் கடல்நீரைப் பாய்ச்சியதால் நீரில் இருந்த உப்பின் சோடியமும் போட்டிக்கு நின்றது. அப்படியும் வேலை நடந்தது பெரிய விஷயம்தான். 1979 த்ரீ மைல் ஐலண்ட் விபத்துக்குப் பிறகும் ஜியோலைட்தான் கைகொடுத்தது.

ஆனால் சீசியம்-137 பாதியாகவே சுமார் 30 வருஷம்; ஆயிரத்தில் ஒரு பங்காக 300 வருஷம். சீசியத்தை உறிஞ்சிய அந்த உருளைகளை அதுவரை யார் காப்பது? எவ்வளவு எடுத்தோம் என்பதோடு, எடுத்தது எங்கே இருக்கிறது என்றும் எழுதினால்தான் கணக்கு நேராகும்.