ஓரம் பார்க்கும் கண்

கேமரா கிளப் போட்டியில் ஒரு படம் திரையில் நிற்பது சில விநாடிகள்தான். அதற்குள் நடுவர் மதிப்பெண் போட்டாக வேண்டும். இந்த வேகத்தில் உரக்கப் பேசும் படங்கள் சுலபமாக முந்திக்கொள்கின்றன. காசிப் படித்துறையில் கூட்டமாக எழும் பறவைகள், குலசேகரன்பட்டினம் தசராவில் நாக்கை நீட்டி நிற்கும் காளி வேஷம், அலங்காநல்லூர்ப் புழுதியில் சீறும் காளை, குடிசைக் கூரையின் ஓட்டை வழியே புகைக்குள் இறங்கும் ஒளிக்கற்றை. இவற்றில் நல்ல படங்கள் நிறைய உண்டு. ஆனால் அதே ஒளிக்கற்றை ஒரே சுற்றில் திரும்பத் திரும்ப வந்தால், புகை போட்டது யார், பாட்டியைச் சரியாக அந்த வெளிச்சத்தில் கொண்டுவந்து உட்காரவைத்தது யார் என்றுதான் மனம் போகிறது. பாட்டியின் முகத்தில் தங்குவதில்லை.

நடுவராக உட்காரும்போது நான் முதலில் ஓரங்களைத்தான் பார்க்கிறேன். ஃபிரேமின் நடுவில் இருப்பதை யாரும் கவனித்துத்தான் எடுப்பார்கள். எடுத்தவர் எவ்வளவு தூரம் பார்த்தார் என்பது நாலு ஓரங்களிலும்தான் தெரியும். பாதி நுழைந்த ஆட்டோ, கணுவில் அறுபட்ட கால், மூலையில் பளீரென்று கிடக்கும் பிளாஸ்டிக் பை, இவையெல்லாம் ஷட்டரை அழுத்தும் நேரத்தில் அவர் கண் காளையை விட்டு நகரவே இல்லை என்பதற்குச் சாட்சி. வெள்ளை வெளேரென்ற ஒரு துண்டு வானம் மேல் மூலையில் இருந்தால் போதும், பார்ப்பவர் கண் அங்கே ஓடி அப்படியே படத்தை விட்டு வெளியேறிவிடும்.

இதை வைத்துக்கொண்டு, ஓரத்தில் எதுவுமே அறுபடக் கூடாது என்று விதி செய்யும் நடுவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. 2004 சுனாமிக்கு இரண்டு நாள் கழித்து, டிசம்பர் 28 அன்று, கடலூரில் ராய்ட்டர்ஸுக்காக ஆர்கோ தத்தா எடுத்த படத்தை நினைத்துப் பாருங்கள். அந்த ஆண்டின் வேர்ல்ட் பிரஸ் ஃபோட்டோ விருது பெற்ற படம் அது. சேலை கட்டிய பெண் ஒருத்தி மணலில் குப்புற விழுந்து, உள்ளங்கைகளை மேலே விரித்தபடி அழுகிறாள். இறந்துபோன உறவினரின் கை மட்டும் ஓரத்தில் தெரிகிறது. உடல் இல்லை, முகம் இல்லை. சடலம் முழுதாகத் தெரிந்திருந்தால் நம் பார்வை அதில் மோதி அங்கேயே நின்றிருக்கும், அல்லது பயந்து விலகியிருக்கும். கை மட்டும் இருப்பதால் அதைக் கண்டதும் திரும்ப அவளிடம் வருகிறோம், மறுபடி அந்தக் கைக்குப் போகிறோம். இடையில் கிடக்கும் வெறும் மணலைக் கண் ஒவ்வொரு முறையும் கடந்தாக வேண்டியிருக்கிறது. அந்தப் படத்தின் துக்கம் முழுவதும் அந்த மணல் வெளியில்தான் இருக்கிறது. ஓரத்தில் கை அறுபட்டிருக்கிறது என்று அதற்கு மதிப்பெண் குறைக்கிற நடுவர், படத்தைப் பார்க்கவே இல்லை என்பேன்.

க்ராப் செய்வதும் இதே விஷயம்தான். கார்த்தியே பிரெஸ்ஸோன் தம் படங்களை வெட்ட விரும்பாதவர் என்பது ஊரறிந்த செய்தி. ஆனால் 1932-இல் பாரிஸின் சான் லசார் ரயில் நிலையத்துக்குப் பின்னால் அவர் எடுத்த, தேங்கிய தண்ணீரைத் தாண்டிக் குதிக்கும் மனிதரின் படம் வெட்டப்பட்டதே. பலகை வேலியின் இடைவெளி வழியாக எடுத்ததால் நெகட்டிவின் இடப்பக்கம் பலகை மங்கலாக அடைத்துக்கொண்டிருந்தது. அதை நீக்கிய பிறகுதான், பின்சுவரில் ஒட்டியிருக்கும் சுவரொட்டியில் துள்ளும் நடனக்காரியும் இந்த மனிதரும் ஒருவருக்கொருவர் பதில் சொல்வது நமக்குத் தடையில்லாமல் தெரிகிறது. கிளப்பில் புதிதாகச் சேர்ந்தவர்களிடம் இந்தப் படத்தைத்தான் காட்டச் சொல்வேன். எதை வெட்டினால் மிச்சம் பேசும் என்று பார்க்கும் பழக்கம், எவ்வளவு விலை கொடுத்து லென்ஸ் வாங்கினாலும் கூட வராது.

வானத்தை மாற்றலாமா, மேகம் சேர்க்கலாமா என்ற சண்டை ஃபோட்டோஷாப் கொண்டுவந்தது என்று பலர் நினைக்கிறார்கள். மதுரையையும் தஞ்சையையும் 1858-இல் படமெடுத்த லின்னேயஸ் டிரைப், அதற்கு முன்பே தம் பர்மா படங்களின் நெகட்டிவில் மேகம் தீட்டியவர். அவருடைய படங்களை நான் விரும்பிப் பார்க்கிறேன். மேகம் அங்கே கட்டடத்துக்கு எடை கொடுக்கிறது. ஆனால் இயற்கைப் பிரிவு வேறு. அங்கே எதையும் சேர்க்கவோ நீக்கவோ கூடாது என்பதில் சர்வதேச அமைப்புகள் உறுதியாக இருக்கின்றன, அது சரியும்கூட. 2009-இல் லண்டனின் பெரிய வனவிலங்குப் புகைப்படப் போட்டியில் முதல் பரிசு பெற்ற, வேலிக் கதவைத் தாண்டும் ஓநாயின் படம், அது பழக்கப்பட்ட ஓநாயாக இருக்கலாம் என்று நடுவர்கள் முடிவுக்கு வந்ததும் தகுதி இழந்தது. இன்று பார்த்தாலும் அழகான படம். ஆனால் காட்டு ஓநாய் என்று நம்பிப் பார்த்த பார்வை திரும்பி வராது.

விமர்சனம் சொல்வதில் நம் கிளப்புகள் இன்னும் பின்தங்கித்தான் இருக்கின்றன. ‘சூப்பர்’, ‘செம ஷார்ப்’ என்பதால் எடுத்தவருக்கு ஒரு பயனும் இல்லை. ‘மூன்றில் ஒரு பங்கு விதி தவறிவிட்டது’ என்பதும் அப்படித்தான். என் கண் முதலில் எங்கே போனது, எங்கே இடறியது, எங்கிருந்து திரும்பி வந்தது என்று சொன்னால் அவர் அடுத்த படத்தில் அதைச் சரிபார்ப்பார். மலையேறி, அட்டை கடி வாங்கி எடுத்த படம் என்ற கதையை நடுவரிடம் சொல்லவே வேண்டாம். போட்டிக்குப் படம் தேர்ந்தெடுக்கும்போது நமக்குள்ளும் அந்தக் கதையைத் தள்ளிவைக்க வேண்டும், அது ரொம்பக் கடினம். எடுத்து இரண்டு மாதம் ஆறப்போட்டால் கொஞ்சம் வசப்படும்.

எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. எந்தக் கிளப்பும் பிரிண்ட் பிரிவை எடுத்துவிட வேண்டாம். செலவு, அனுப்பும் தொல்லை எல்லாம் உண்மைதான். ஆனால் கடைசிச் சுற்றில் பிரிண்டுகளை மேஜையில் பரப்பி வைத்து, ஒதுக்கியவற்றில் ஒன்றை நடுவர் மறுபடி கையில் எடுக்கிறாரே, அது திரையில் நடப்பதே இல்லை. அமைதியான படங்களுக்குக் கிடைக்கும் ஒரே வாய்ப்பு அதுதான்.