மகுடம் வேண்டாதவர்கள்

கல்கியைப் பற்றி யார் பேச ஆரம்பித்தாலும் மாமல்லபுரம் கதை வந்துவிடும். ரசிகமணி டி.கே.சி.யுடன் கடற்கரையில் உட்கார்ந்திருந்தார், பல்லவர் காலம் மனக்கண்ணில் எழுந்தது, அதுதான் 'சிவகாமியின் சபதம்' ஆனது. கல்கியே முன்னுரையில் எழுதியது இது, அதனால் சந்தேகப்படக் காரணமில்லை. ஆனால் எனக்கு இந்தக் கதை போதவில்லை. மாமல்லபுரம் கடற்கரையில் உட்கார்ந்து பல்லவர்களைக் கனவு கண்டவர்கள் ஆயிரம் பேர் இருப்பார்கள். கல்லூரிச் சுற்றுலாவில் நானும் கண்டேன், அடுத்த நாள் பஸ் ஏறியதும் மறந்துபோனேன். ஒரு கதை எந்த இடத்தில் ஆரம்பித்தது என்று மட்டும்தான் கனவு சொல்லும். அந்தக் கதை கடைசியில் ஏன் அப்படி முடிந்தது என்பதைத் தெரிந்துகொள்ள ஆளைத்தான் பார்க்க வேண்டும்.

ஆளைப் பார்ப்போம். 1899ல் மாயவரம் பக்கம் புத்தமங்கலத்தில் பிறந்த ரா. கிருஷ்ணமூர்த்தி 1921ல், பள்ளி இறுதித் தேர்வு நெருங்கி வந்த சமயத்தில், ஒத்துழையாமை இயக்கத்துக்காகப் படிப்பை விட்டார். அடுத்த வருடமே சிறை. பிறகு திரு.வி.க.வின் 'நவசக்தி'. அப்புறம் திருச்செங்கோடு காந்தி ஆசிரமத்தில் ராஜாஜியுடன் 'விமோசனம்' என்ற மதுவிலக்குப் பத்திரிகை. பிறகு 'ஆனந்த விகடன்'. அங்கே அவர் ஆசிரியராக இருந்த காலம்தான் தமிழில் வெகுஜனப் பத்திரிகை என்ற ஒன்று முழு வடிவம் எடுத்த காலம். 1941ல் அதையும் விட்டார். தனிநபர் சத்தியாகிரகத்தில் சிறை போனார், வெளியே வந்து சதாசிவத்துடன் 'கல்கி' பத்திரிகையைத் தொடங்கினார். மொத்தம் மூன்று முறை சிறை.

தேர்வுக்குப் பக்கத்தில் வந்து படிப்பை விடுகிறவர், நாடே படிக்கும் பத்திரிகையின் ஆசிரியர் நாற்காலியை விட்டு இறங்குகிறவர். எங்கள் துறையில் இப்படி ஒருவர் இருந்தால், போனஸ் வருவதற்கு முந்தின மாதம் ராஜினாமா செய்த ஆளைப் பார்ப்பது போலப் பார்ப்போம். கல்கிக்கு அதுதான் வாழ்க்கையின் இயல்பான அசைவு. கையில் இருப்பது பெரியதாக இருக்கும்போது அதைக் கீழே வைப்பது. இந்த அசைவை அவருடைய மூன்று சரித்திர நாவல்களிலும் தேடிப் பாருங்கள். மூன்றிலும் இருக்கிறது, ஒவ்வொன்றிலும் வேறு மாதிரி.

'பார்த்திபன் கனவு' கல்கி பத்திரிகை தொடங்கிய கையோடு, 1941ல் வர ஆரம்பித்த தொடர். பல்லவருக்குக் கப்பம் கட்ட மறுத்துச் செத்துப்போகிற ஒரு சோழ அரசன், அவனுடைய சுதந்திரக் கனவு, அதைச் சுமந்து திரியும் மகன் விக்கிரமன். வெள்ளைக்கார ஆட்சியில் இதைப் படித்தவர்களுக்கு எது எதைக் குறிக்கிறது என்று யாரும் விளக்கியிருக்கத் தேவையில்லை. விசித்திரம் என்னவென்றால், அந்தக் கனவை நிறைவேற்றி வைப்பது யார்? எதிரியான நரசிம்ம பல்லவச் சக்கரவர்த்தியேதான். சிவனடியார் வேஷம் போட்டுக்கொண்டு, தன்னை எதிர்த்துச் செத்தவனின் மகனை வளர்த்து, தன்னிடமிருந்தே விடுதலை பெற அவனைத் தயார் செய்கிறார். ராஜதந்திரக் கதையாகப் பார்த்தால் நம்பவே முடியாத ஏற்பாடு. எந்தச் சக்கரவர்த்திக்கு இவ்வளவு ஓய்வுநேரம் இருக்கும்? ஆனால் சத்தியாகிரகம் எதை நம்பியது என்று யோசித்தால் இது வேறு மாதிரி தெரியும். எதிராளியைத் தோற்கடிப்பது அங்கே நோக்கம் கிடையாது, அவன் மனம் மாற வேண்டும். சிறையிலிருந்து வந்த சத்தியாகிரகி ஒருவர் கண்ட கனவில் பேரரசனே தன் ஆதிக்கத்தை விட்டுக்கொடுக்கிறான். பார்த்திபனின் கனவுக்கு உள்ளே கிருஷ்ணமூர்த்தியின் கனவு ஒன்று ஓடுகிறது.

'சிவகாமியின் சபதம்' 1944 முதல் 1946 வரை வந்தது. உலகப் போர் நடந்துகொண்டிருந்த, பிறகு முடிந்த வருடங்கள். 1942ல் ஜப்பான்காரன் குண்டு போடுவான் என்று சென்னையே ஊரைக் காலி செய்துகொண்டு ஓடிய நினைவு வாசகர்களிடம் ஆறியிருக்காது. ஆகவே கோட்டைக் கதவுகளை அடைத்துக்கொண்டு காஞ்சி காத்திருக்கும் அத்தியாயங்களை அவர்கள் பழங்கதையாகப் படித்திருக்க வாய்ப்பில்லை. 'கர்நாடகம்' என்ற பெயரில் வருஷக்கணக்காக இசை, நாட்டிய விமர்சனம் எழுதியவர் என்பதால் நாட்டியக்காரி எங்கிருந்து வந்தாள் என்பதும் புதிரில்லை. ஆனால் கதையின் மையம் நாட்டியத்தில் இல்லை, சபதத்தில் இருக்கிறது. வாதாபி எரிந்தால்தான் திரும்பி வருவேன் என்கிறாள் சிவகாமி. 642ல் வாதாபி வீழ்ந்தது, அது வரலாறு. நாவலில் அது வீழும்போது யாருக்கும் நிம்மதி வரவில்லை. தளபதி பரஞ்சோதி வாளைக் கீழே வைத்துவிட்டுச் சிறுத்தொண்டராகப் போகிறார். சிவகாமி ஏகாம்பரநாதர் சன்னதிக்குப் போகிறாள். ஒரு காந்தியர் பழிவாங்கும் கதை எழுதினால், பழி தீர்ந்த பிறகு மிஞ்சுவது இப்படிச் சாம்பல்தான். என் கணக்கில் மூன்றில் இதுவே நல்ல நாவல். இரண்டு பாகங்களுக்கு இழுத்துவிட்ட புத்த பிக்கு வில்லத்தனத்தையும் மீறி.

இனி 'பொன்னியின் செல்வன்'. 1950 அக்டோபர் முதல் 1954 மே வரை. குடியரசு வந்த வருடம் தொடங்கி, முதல் பொதுத்தேர்தலைத் தாண்டி ஓடிய தொடர். கல்கியின் வாழ்நாள் தலைவரான ராஜாஜி அந்தக் காலத்தில்தான் சென்னை மாகாண முதல்வரானார், தொடர் முடிவதற்கு ஒரு மாதம் முன்னால் பதவி விலகினார். இதை நாவலின் சாவி என்று நான் சொல்ல வரவில்லை. முடிவு பல நூற்றாண்டுகளுக்கு முன்பே செப்பேட்டில் எழுதப்பட்டாகிவிட்டது. ஆனால் அதிகாரத்தில் யார் உட்காருவது, எப்படி உட்காருவது, எப்போது எழுந்துகொள்வது என்பதைப் பற்றி ஊர் முழுக்கப் பேசிக்கொண்டிருந்த காலம் அது. முந்தைய நாவல்களில் விடுதலை எப்படி வரும் என்பது கேள்வி. இங்கே விடுதலை வந்துவிட்டது. நாற்காலி காலியாக இருக்கிறது. இப்போது என்ன?

வரலாற்றில் கல்கிக்குக் கிடைத்த பொருட்கள் இரண்டு. ஒன்று, திருவாலங்காட்டுச் செப்பேடு. ஆதித்த கரிகாலன் இறந்த பிறகு மக்கள் அருள்மொழியை அரசனாகும்படிக் கேட்டார்கள், சிற்றப்பன் உத்தமனுக்கு அரசுரிமையில் ஆசை இருந்தவரை அவன் அதை மனத்தாலும் விரும்பவில்லை என்கிறது அது. இன்னொன்று, காட்டுமன்னார்கோயில் உடையார்குடிக் கல்வெட்டு. கரிகாலனைக் கொன்ற சோமன், ரவிதாசன், பரமேஸ்வரன் ஆகியோரின் உறவினர் சொத்துகளை என்ன செய்வது என்பது பற்றிய அரசாணை. அது வந்தது ராஜராஜனின் இரண்டாம் ஆட்சியாண்டில். நடுவில் உத்தம சோழன் பதினைந்து வருடம் போல ஆண்டிருக்கிறான். அந்தப் பதினைந்து வருடம் என்ன நடந்தது? நீலகண்ட சாஸ்திரி உத்தமன்மேல் சந்தேகப்பட்டார், சதாசிவ பண்டாரத்தார் அதை மறுத்தார். எனக்குத் தொழில்புத்தியில் ஒன்று தோன்றும். உடையார்குடிக் கல்வெட்டு ஒரு லாக் ஃபைல் மாதிரி. யாரையும் மயக்க எழுதியதில்லை, நிர்வாகத் தேவைக்காக எழுதியது. செப்பேடு ராஜேந்திரன் காலத்தில் எழுதியது, அதாவது தியாகம் செய்ததாகச் சொல்லப்படுபவரின் மகன் காலத்தில். நிறுவனம் தன் நிறுவனரைப் பற்றி வெளியிடும் பத்திரிகைச் செய்தி. இரண்டும் முரண்படும்போது எதை நம்புவது என்று எங்களுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள்.

கல்கி பத்திரிகைச் செய்தியை நம்பினார். அரசு வேண்டாமென்று ஒருவன் சொல்ல முடியும் என்பது நம்மில் பலருக்கு நம்பமுடியாத செய்தி. அவருக்கு அது பழக்கமான செய்தி. தன்னைச் சுற்றி அப்படிச் செய்தவர்களைப் பார்த்தவர், சின்ன அளவில் தானே செய்தவர். நான்காம் பாகத்துக்கு 'மணிமகுடம்' என்றும் கடைசிப் பாகத்துக்கு 'தியாக சிகரம்' என்றும் பெயர் வைத்தார். ஐந்து பாகங்களாக மகுடத்தை நோக்கி ஏறி, கிட்டே போனதும் அதை எடுத்து இன்னொருவர் தலையில் வைக்கும் கதை. இன்று காரின் பின்கண்ணாடியில் புலிக்கொடி ஒட்டிக்கொண்டு, படம் பார்த்துவிட்டு வந்து சோழப் பெருமை பேசுகிறவர்களுக்கு இந்த நாவல்தான் வேதப்புத்தகம். கப்பற்படை எவ்வளவு பெரியது, எந்தெந்த நாடு ஜெயித்தோம் என்று கேட்டு நாவலைத் திறந்தால் என்ன கிடைக்கும்? நாயகன் ஒரு பேரரசை வேண்டாம் என்று சொல்லும் காட்சிதான். ராஜராஜனின் பெரும் வெற்றிகள் எல்லாம் கடைசிப் பக்கத்துக்கு அப்பால் நிற்கின்றன. வெற்றிகளை எழுத ஆசை இருந்திருந்தால் கல்கிக்கு இன்னும் ஐந்து பாகம் கிடைத்திருக்கும்.

ஆனால் இதே வாழ்க்கைதான் நாவலுக்கு ஒரு பெரிய சேதத்தையும் செய்தது. செப்பேட்டில் உத்தமன் அரசுக்கு ஆசைப்பட்டவன். கதையின் ருசியே அதில்தான் இருக்கிறது: ஆசைப்படுகிற ஒருவனுக்கு, அவன் ஆசை தெரிந்தே, விட்டுக்கொடுப்பது. கல்கியால் அதைத் தாங்க முடியவில்லை. அவர் உத்தமனை இரண்டாகப் பிளந்தார். அரியணைக்கு ஆசைப்படும் மதுராந்தகன் செம்பியன் மாதேவியின் மகனே இல்லை, மாறிப்போன குழந்தை, நந்தினியுடன் பிறந்தவன், எதிரியின் ரத்தம். உண்மையான வாரிசு சேந்தன் அமுதன். பூத்தொடுத்துக் கோயிலுக்குக் கொடுக்கும், அரசே வேண்டாத, பூங்குழலியைத் தவிர எதற்கும் ஆசைப்படாத பிள்ளை. மகுடம் அவனுக்குத்தான் போகிறது. அதாவது ஆசைப்பட்டவன் நிஜச் சோழன் இல்லை, நிஜச் சோழன் ஆசைப்படமாட்டான். அதிகார ஆசை என்பது மனித குணம் என்ற நிலையிலிருந்து பிறப்பு ரகசியம் என்ற நிலைக்கு இறங்கிவிடுகிறது. இது கொஞ்சம் ஆபத்தான இடம் என்றே நினைக்கிறேன். அருள்மொழியின் தியாகமும் இதனால் லேசாகிவிடுகிறது. சொத்தை ஒரு சாதுவுக்கு எழுதிக் கொடுப்பதில் என்ன பெரிய சிரமம்? கேட்கிற பங்காளிக்கு விட்டுக்கொடுத்துப் பாருங்கள், அப்போது தெரியும்.

கொலையிலும் இப்படி ஒன்று இருக்கிறது, அது பலன் கொடுத்த இடம். கரிகாலனைக் கொன்றது யார் என்று கல்கி சொல்லவில்லை என்று பலர் இன்றும் குறைப்படுகிறார்கள். கடம்பூர் மாளிகைக்குப் பிறகு வரும் அத்தியாயங்களை மறுபடி படியுங்கள். பெரிய பழுவேட்டரையர் நான்தான் கொன்றேன் என்கிறார். மணிமேகலை நான்தான் கொன்றேன் என்கிறாள். பழி விழுந்தவனோ வந்தியத்தேவன். துப்பறியும் கதையில் எல்லோரும் மறுப்பார்கள், இங்கே போட்டி போட்டுக்கொண்டு ஒப்புக்கொள்கிறார்கள். இந்த நாவலுக்கு முன்னால் கல்கி எழுதியது 'அலை ஓசை', 1948-49ல். தேசப்பிரிவினையின் ரத்தம் ஓடும் நாவல், தன் படைப்புகளில் அவர் உயர்வாக நினைத்தது. 1948 ஜனவரி 30க்குப் பிறகு ஒரு காந்தியர் ஒரு கொலையை எழுத உட்காரும்போது, சுட்டவன் பெயர் தெரிந்துவிட்டதால் கணக்கு முடிந்தது என்று அவருக்குத் தோன்றியிருக்காது என்பது என் ஊகம். கல்வெட்டில் பெயர்கள் தெளிவாக இருந்தும், அவர் குற்றத்தை எல்லோர் கையிலும் கொஞ்சம் கொஞ்சம் ஒட்டவைத்தார். ஆதாரம் காட்ட என்னால் முடியாது. ஆனால் அந்த அறையின் இருட்டு வெறும் சஸ்பென்ஸ் உத்தி மாதிரி எனக்குப் படவில்லை.

சாண்டில்யன் நாயகர்களுக்குக் கடைசியில் பெண்ணும் கிடைப்பாள், பதவியும் கிடைக்கும், அதில் ஒரு தப்பும் இல்லை, விடிய விடியப் படித்திருக்கிறேன். அகிலன் 'வேங்கையின் மைந்தன்' எழுதியபோது ராஜேந்திரனின் வெற்றிகளை நேராகவே எடுத்துக்கொண்டார். கல்கியைப் பின்பற்றியவர்கள் அவருடைய குதிரைகளையும் சுரங்கப்பாதைகளையும் வேஷங்களையும் எடுத்துக்கொண்டார்கள். வேண்டாம் என்று சொல்லும் அந்த அசைவை யாரும் எடுத்துக்கொள்ளவில்லை. எடுத்துக்கொள்ளவும் முடியாது, அது நூலகத்தில் கிடைக்கிற சரக்கு இல்லை.

இன்னொரு பக்கம், கல்கியின் கொள்கை எட்டாத ஒருத்தி அந்த நாவலில் இருக்கிறாள். நந்தினி எதையும் விட்டுக்கொடுப்பதில்லை. அரியணை வேண்டும், பழி வேண்டும், தான் யார் மகள் என்று தெரிய வேண்டும். நல்லவர்கள் எல்லோரும் ஒருவருக்கொருவர் வழிவிட்டு நிற்கும் உலகத்தில் அவள் ஒருத்திதான் நேராக நடந்து வருகிறாள். அவள் வரும் பக்கங்களில் கல்கியின் வாக்கியங்களே மாறிவிடுகின்றன. வழக்கமான கிண்டல் அடங்கி, பார்த்துப் பார்த்து எழுதுகிறார். குந்தவை பேசும்போது ஆசிரியர் கூடவே தலையாட்டுவது தெரியும். நந்தினி பேசும்போது அவர் கொஞ்சம் பின்வாங்கிக் கேட்கிறார். சின்ன வயதில் எனக்கு வந்தியத்தேவன் போதுமாக இருந்தான். இப்போது திரும்பப் போகும்போது அவள் பக்கங்களைத்தான் தேடுகிறேன். ஐந்தாம் பாகத்தில் மற்றவர்கள் எல்லோரும் தியாகம் செய்வதில் மும்முரமாக இருக்க, அவள் மெல்லக் கதையிலிருந்து நழுவிப் போய்விடுகிறாள். அவளை என்ன செய்வதென்று கல்கிக்கும் தெரியவில்லை போல.