வரத்தும் இருப்பும்

விருதுநகர்க்காரனால் விலை சொல்லாமல் இருக்க முடியாது. ஊரைச் சுற்றி விளைவது கொஞ்சம்தான். ஆனால் எங்கோ விளைந்த துவரையும் உளுந்தும் மல்லியும் வத்தலும் அடுத்த வாரம் என்ன விலைக்குப் போகும் என்பதை இங்கே மண்டியில் உட்கார்ந்திருப்பவர் சொல்லிவிடுவார். பத்திரிகைகளில் வரும் விருதுநகர் மார்க்கெட் நிலவரத்தைத் தொடர்ந்து படிப்பவர்களுக்கு அதன் உயிர்ச்சொல் எது என்று தெரியும்: வரத்து. வரத்து குறைந்தால் விலை ஏறும், கூடினால் இறங்கும்.

சூலக்கரைப் பக்கம் சாயங்காலம் ஆடி முடித்துவிட்டு டீ குடிக்க நிற்கும் கூடைப்பந்துக் கூட்டமும் அதே சொல்லில்தான் பேசுகிறது. ஜூலை மாதம், கல்லூரி அட்மிஷன் முடிந்த நேரம். “சிவகாசிப் பக்கம் இந்த வருஷம் வரத்து நல்லாருக்கு அண்ணாச்சி. ஆறே கால் அடியில ஒரு பையன் இறங்கியிருக்கான், ஸ்போர்ட்ஸ் கோட்டா.” “மதுரைக்காரங்களுக்கு?” “அங்க மூணு பேரு. ஹாஸ்டல் ஃப்ரீ, மெஸ் ஃப்ரீ.” டீ ஆறுவதற்குள் மதுரை காமராஜர் பல்கலைக்கழகக் கல்லூரிகளுக்கு இடையிலான போட்டியில் யார் ஃபைனலுக்கு வருவார்கள், யார் முதல் சுற்றிலேயே மூட்டை கட்டுவார்கள் என்பதெல்லாம் முடிவாகிவிடும். ஒரு ஆட்டம்கூட இன்னும் தொடங்கியிருக்காது.

இந்த ஆரூடத்தை நான் இருபது வருஷமாகக் கேட்டு வருகிறேன். என் பங்குக்கு நானும் அள்ளிவிட்டிருக்கிறேன். வெட்டிப் பேச்சு என்று ஒதுக்க மனம் வரவில்லை. ஆனால் மண்டிக்காரர் செய்யாத ஒரு தப்பை டீக்கடைக் கூட்டம் செய்கிறது. வரத்தை மட்டும் பார்க்கிறது, கிடங்கில் இருக்கும் இருப்பைப் பார்ப்பதில்லை.

களத்தைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். 1966-இல் மதுரைப் பல்கலைக்கழகமாகத் தொடங்கி, 1978-இல் எங்கள் ஊர்க்காரரின் பெயரைப் பெற்றது மதுரை காமராஜர் பல்கலைக்கழகம். மதுரை, தேனி, திண்டுக்கல், விருதுநகர் மாவட்டக் கலை, அறிவியல் கல்லூரிகள் அதன் குடைக்குள் வருகின்றன. 1881-இல் தொடங்கிய அமெரிக்கன் கல்லூரியும், நாடு விடுதலையான 1947-இல் வந்த விருதுநகர் செந்திக்குமார நாடார் கல்லூரியும், 1963-இல் வந்த சிவகாசி அய்ய நாடார் ஜானகி அம்மாள் கல்லூரியும் ஒரே வரிசை. பொறியியல் கல்லூரிகளோ அண்ணா பல்கலைக்கழகத்துப் பிள்ளைகள். சாயங்காலம் ஒரே கோர்ட்டில் ஒன்றாக வியர்க்கும் பி.காம். பையனும் பி.இ. பையனும் பல்கலைக்கழகப் போட்டியில் எதிரெதிரே நிற்கவே மாட்டார்கள். முதலமைச்சர் கோப்பைக்கான மாவட்டப் போட்டி வந்தால்தான் அது நடக்கும். ஆகவே எங்கள் ஆரூடத்தில் பாதி, மோதவே போகாத அணிகளைப் பற்றியது. அதை யாரும் பொருட்படுத்துவதில்லை.

இங்கே வெல்வதோடு கதை முடிவதும் இல்லை. இந்தப் போட்டிகளில் கண்ணில் பட்டவர்களைத் திரட்டிப் பல்கலைக்கழக அணி அமைப்பார்கள். அது இந்தியப் பல்கலைக்கழகங்கள் சங்கத்தின் தென்மண்டலப் போட்டிக்குப் போகும். அங்கே முதல் 4 இடத்துக்குள் வந்தால்தான் அகில இந்தியப் போட்டி. சென்னையின் பணம் படைத்த தனியார் பல்கலைக்கழகங்கள் இந்தியா முழுக்க ஆள் எடுத்து வைத்துக்கொண்டு காத்திருக்கும் இடம் அது. கீழேயும் இல்லை, உச்சியிலும் இல்லை என்ற நடுத்தட்டு எங்களுடையது. அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்தில் இதற்கு ‘மிட்-மேஜர்’ என்று பேரே வைத்திருக்கிறார்கள்.

அங்கே ஆரூடம் ஒரு சடங்கு. சீசன் தொடங்குமுன் பயிற்சியாளர்களும் செய்தியாளர்களும் ஓட்டுப் போட்டு முதல் அணியிலிருந்து கடைசி அணிவரை வரிசைப்படுத்தி வெளியிடுகிறார்கள். 2017-18-இல் மிசௌரி வேலி என்ற 10 அணிக் கூட்டமைப்பில் மிசௌரி ஸ்டேட் அணிக்கு முதலிடம் கொடுத்தார்கள். லயோலா சிகாகோவுக்கு மூன்றாமிடம். சீசன் முடிந்தபோது முதலிடக்காரர்கள் கீழ்ப்பாதியில் கிடந்தார்கள். லயோலா கூட்டமைப்பில் 18 ஆட்டத்தில் 15 வென்று, தேசியப் போட்டியில் கடைசி நான்கு அணிகளில் ஒன்றாக நின்றது. அந்த அணிக்காக ஜெபித்த 98 வயதுக் கன்னியாஸ்திரி சிஸ்டர் ஜீன்கூடத் தன் கணிப்புத் தாளில் அவர்களைக் கடைசி 16-க்கு மேல் போகவிடவில்லை. ஜெபம் வேறு, கணக்கு வேறு என்று நினைத்திருப்பார்.

இதில் தவறிய கணிப்பைவிட எனக்கு முக்கியமாகப் படுவது, அது தவறியது எல்லோருக்கும் தெரிந்தது என்பதுதான். எழுதி வைத்த வரிசை ஒன்று இருந்தது, ஒப்பிட்டுப் பார்க்க 18 ஆட்டங்கள் இருந்தன. நம்மிடம் இரண்டும் இல்லை. நம் போட்டி பெரும்பாலும் நாக்-அவுட். தோற்றால் பஸ் ஏற வேண்டியதுதான். ஒவ்வொரு ஆட்டத்திலும் 100-க்கு 70 முறை வெல்லக்கூடிய நிஜமான பலசாலி அணி ஒன்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். கோப்பைக்கு 4 ஆட்டம் வரிசையாக வெல்ல வேண்டுமென்றால், அது நடக்க 100-க்கு 24 வாய்ப்புதான். 70-ஐ 80 ஆக்கினாலும் 41-ஐத் தாண்டாது. டீக்கடையில் “இந்த வருஷம் அவனுகதான்” என்று அடித்துச் சொன்னவர், அணியைச் சரியாகவே எடை போட்டிருந்தாலும், நாலில் மூன்று வருஷம் பொய்த்துப் போவார். அதேபோல வாய்க்கு வந்ததைச் சொன்னவர் ஒரு வருஷம் தீர்க்கதரிசி ஆகிவிடுவார். யாருக்கு விவரம் தெரியும், யாருக்குத் தெரியாது என்பதை நம் போட்டி முறை கடைசிவரை காட்டிக்கொடுப்பதே இல்லை.

டீக்கடையைக் குறை சொல்லிக்கொண்டிருக்கும்போதே அதைவிட மோசமான ஆரூடக்காரர் ஒருவர் கோட்டு சூட்டோடு நிற்கிறார். டை ஷீட்தான் அவர். யார் யாரோடு மோதுவது என்ற தாளைத் தயாரிக்கும்போது, போன வருஷம் கடைசி நான்கில் வந்த அணிகளை நான்கு மூலைக்குப் பிரித்து வைப்பதும், மற்றவர்களுக்கு லாட் எடுப்பதும் பல போட்டிகளில் வழக்கம். மூலையில் இருப்பவருக்கு முதல் சுற்றில் பெரும்பாலும் ‘பை’ கிடைக்கும், ஆடாமலே அடுத்த சுற்று. பலசாலிகள் இருவர் முதல் நாள் காலையிலேயே மோதி ஒருவர் வீணாகக் கூடாது என்பதற்காக ஏற்பட்ட ஏற்பாடு இது. அந்த நியாயத்தை நான் மறுக்கவில்லை. ஆனால் இந்த முறை எதை அளக்கிறது? பட்டப்படிப்பு 3 வருஷம். 12 பேர் கொண்ட அணியில் உண்மையில் ஆடும் ஏழெட்டுப் பேரில் பாதிக்கு மேல் கடைசி வருஷத்துக்காரர்களாக இருப்பார்கள். கோப்பையைத் தூக்கியவர்கள் ஏப்ரலில் டி.சி. வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள். அவர்கள் சம்பாதித்த ‘பை’யை அவர்கள் முகத்தையே பார்க்காத முதலாமாண்டுப் பையன்கள் அனுபவிக்கிறார்கள். விற்றுப்போன மூட்டையை இருப்புக் கணக்கில் காட்டுகிற வேலை இது. எந்த மண்டியிலும் செல்லாது.

டீக்கடை ஆரூடம் புதிதாக வந்தவர்களை மட்டும் எண்ணுகிறது. டை ஷீட் போய்விட்டவர்களை எண்ணுகிறது. தங்கியிருப்பவர்கள் இருவர் கணக்கிலும் வருவதில்லை.

தங்கியிருப்பவர்களால் என்ன ஆகும் என்பதை ஒரு தடவை அருகிலிருந்து பார்த்தேன். சின்ன ஊர் ஒன்றின் கல்லூரி அணி. ஐந்து பேரில் ஒருவன்கூட ஆறடி இல்லை. ஐந்து பேரும் மூன்றாம் வருஷம். எதிரே அந்த ஜூலை முழுக்க நாங்கள் பேசித் தீர்த்த நெட்டைப் பையன். முதல் ஐந்து நிமிஷம் அவன் ரிங்குக்குப் பக்கத்தில் பந்தை வாங்கி வாங்கிப் போட்டான். அப்புறம் குட்டை அணியின் பந்து கொண்டுபோகும் பையன் இடது கையைத் தலைக்கு மேலே தூக்கி முஷ்டியை மடக்கினான், அவ்வளவுதான். மற்ற நால்வரும் அவனைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் ஆளுக்கு இரண்டடி உள்ளே நகர்ந்தார்கள். முன்னால் இருவர், பின்னால் மூவர், ஸோன் தடுப்பு. நெட்டைப் பையனுக்குப் பந்து போகும் வழியிலெல்லாம் ஒரு கை இருந்தது. பந்து கிடைத்தபோதெல்லாம் அவன் முட்டி மோதினான். மூன்றாவது குவார்ட்டர் முடியுமுன் ஐந்தாவது ஃபவுல், வெளியே. பெஞ்சில் உட்கார்ந்து துண்டால் முகத்தை மூடிக்கொண்டான். அந்த அணிக்கு அவனோடு ஆடிப் பழக்கம் ஆறு வாரம். எதிரணி ஒருவரோடொருவர் ஆடியது மூன்று வருஷம். இதை ஜூலையிலேயே கணக்கில் எடுத்திருக்க முடியும். அந்த ஐந்து பேரும் எங்கள் கண்முன்னால்தான் மூன்று வருஷமாக ஆடிக்கொண்டிருந்தார்கள்.

இருப்பைக் கணக்கெடுப்பதும் சுலபமில்லை. யாருக்கு எத்தனை அரியர், யாருக்கு வருகைப்பதிவு உதைக்கிறது, நவம்பர் செமஸ்டரை நினைத்து வீட்டில் யாரை ஆட விடவில்லை என்பதெல்லாம் வெளியே தெரியாது. எல்லாவற்றையும்விடப் பெரிய கேள்வி, பி.ஏ. முடித்த, ரிங்குக்கு அடியில் ஆடும் போஸ்ட் ஆட்டக்காரன் அதே கல்லூரியில் எம்.ஏ. சேர்ந்தானா என்பது. பல்கலைக்கழகப் போட்டிகளில் 25 வயதுவரை இடம் உண்டு. அவன் சேர்ந்துவிட்டால் அணிக்கு இன்னும் 2 வருஷம் முதுகெலும்பு உண்டு. சேராமல் திருப்பூருக்கு வேலைக்குப் போய்விட்டால் அணி சரிந்துவிடும். ஒரு கல்லூரியின் கூடைப்பந்துத் தலைவிதி வரலாற்றுத் துறையின் எம்.ஏ. அட்மிஷன் பட்டியலில் இருக்கலாம். பி.டி. சாரைக் கேட்டால், “நம்ம டீம் இந்த வருஷம் சும்மாதான் சார்” என்பார். எல்லா பி.டி. சார்களும் எல்லா வருஷமும் அதையே சொல்வார்கள்.

அமெரிக்காவிலும் இப்போது வரத்துப் பைத்தியம் முற்றிவிட்டது. 2021 முதல் ஒரு வருஷம் உட்காராமலே கல்லூரி மாறி ஆடலாம் என்றாகிவிட்டது. நடுத்தட்டு அணியில் ஒருவன் நன்றாக ஆடினால் அடுத்த கோடையில் பெரிய கல்லூரி கொத்திக்கொண்டு போய்விடுகிறது. இருப்பே கையில் நிற்காதபோது அங்கே ஆரூடக்காரர்கள் வரத்தை எண்ணுவதில் அர்த்தம் இருக்கிறது. நம் ஊரில் முதலாமாண்டில் சேர்ந்தவன் அநேகமாக மூன்றாமாண்டுவரை அங்கேயே இருக்கிறான். கணிக்க வசதியான களம் நம்முடையதுதான். நாம்தான் அந்த வசதியைத் தொடுவதில்லை.

ஆரூடமே வேண்டாம் என்று சொல்வீர்களா என்றால், மாட்டேன். கல்லூரிகளுக்கு இடையிலான கூடைப்பந்து ஆட்டத்துக்கு இங்கே பத்திரிகையில் கிடைப்பது ஸ்கோரும் பரிசு வழங்கியவர் பெயரும். எந்தப் பையன் இடது கையாலும் லே-அப் போடுவான், யார் ரீபவுண்டுக்கு உடம்பைக் கொடுத்து மறிப்பான் என்பது எழுத்தில் எங்கும் இல்லை. மே மாதம் பெரியகுளம் சில்வர் ஜூபிலி ஸ்போர்ட்ஸ் கிளப் போட்டியில் இந்தியன் வங்கி, ஐ.ஓ.பி. மாதிரி அணிகளைப் பார்த்துவிட்டு வருபவர்கள், அந்த ஆட்டத்தை அளவுகோலாக வைத்து நம் பையன்களை எடை போடுகிறார்களே, அந்தப் பேச்சு ஒன்றுதான் பதிவேடு. முதல் சுற்றில் தோற்ற அணியின் நல்ல ஆட்டக்காரன் தேர்வாளர் கண்ணில் படாமலே போய்விடுவான். “அந்த டீம் தேறாது, ஆனா எட்டாம் நம்பரைப் பாருங்க சார்” என்று முன்கூட்டியே ஒருவர் சொல்லிவைத்ததால் பல்கலைக்கழகத் தேர்வு முகாமுக்குக் கூப்பிடப்பட்ட பையன்கள் உண்டு. கோப்பை யாருக்கு என்று சொன்னது எத்தனை தடவை பொய்த்தாலும், இந்த ஒரு வேலைக்காகவே அந்த டீக்கடை நடக்கட்டும்.

சிவகாசிப் பட்டாசுக்காரர்களிடமும் முன்கணிப்பு உண்டு. ஆடிப் பதினெட்டுக்குப் பூஜை போட்டு வியாபாரத்தைத் தொடங்குவார்கள். 2018-இல் அப்படித் தொடங்கிய சீசனில், தீபாவளிக்கு இரண்டு வாரம் இருக்கும்போது, அக்டோபர் 23-இல் உச்சநீதிமன்றத்தின் பசுமைப் பட்டாசுத் தீர்ப்பு வந்தது. அந்த வருஷத்துக் கணக்கு எல்லாம் அடிபட்டது. ஆனால் அவர்கள் கையில் ஆடி மாதத்தில் எழுதி வைத்த கணிப்புத் தாள் இருந்தது. எவ்வளவு தப்பு, எங்கே தப்பு என்று பார்க்க முடிந்தது.

டீக்கடையில் அப்படி ஒரு தாள் இல்லை. போன ஜூலையில் ஃபைனலிஸ்ட் இருவரையும் பேர் சொல்லி அடித்த அண்ணாச்சியிடம் பொங்கல் சமயத்தில் கேட்டேன். இரண்டு அணியும் கால் இறுதியைத் தாண்டவில்லை. “நான் எப்ப தம்பி அப்படிச் சொன்னேன்? அந்த நெட்டைப் பையனுக்கு ஃபவுல் விழும்னுல்ல சொன்னேன்” என்றார், டீயை ஆற்றிக்கொண்டே. அவர் பொய் சொன்னதாக நான் நினைக்கவில்லை. அவருக்கு நிஜமாகவே அப்படித்தான் ஞாபகம்.

இந்த வருஷம் நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்கி டீக்கடையிலேயே, பிஸ்கட் ஜாடிக்குப் பின்னால் வைத்திருக்கிறோம். பக்கத்துக்கு ஒரு கல்லூரி. மூன்று பத்தி: போனவர்கள், இருப்பவர்கள், வந்தவர்கள். முதல் பத்தியும் மூன்றாம் பத்தியும் ஒரே சாயங்காலத்தில் நிரம்பிவிட்டன. நடுப் பத்திக்குத்தான் ஆள் தேடிக்கொண்டிருக்கிறோம்.