கலிங்கத்தில் இல்லாத கலிங்கக் கல்வெட்டு

ஒரிசா என்று நாம் சொல்லிப் பழகிய, 2011 முதல் ஒடிசா என்று எழுதப்படுகிற மாநிலத்துக்குப் 'பண்பாட்டுச் சுற்றுலா' போகிறவர்களுக்கு வழி ஏற்கனவே போடப்பட்டிருக்கிறது. புவனேஸ்வர், பூரி, கோனார்க். சுற்றுலாக்காரர்களின் மொழியில் 'தங்க முக்கோணம்'. மூன்று நாளில் பார்த்து முடித்துவிடலாம். இந்த முக்கோணத்தை ஒரு பிரதியாக எடுத்துக்கொண்டு வாசித்தால் என்ன? எழுதியதைவிட எழுதாமல் விட்டதுதான் அதிகம் பேசும் என்று கட்டுரைக்குக் கட்டுரை சொல்கிறோமே, அந்த விடுபடல் இங்கே கல்லிலேயே இருக்கிறது.

புவனேஸ்வருக்குத் தெற்கே, தயா நதிக்குப் பக்கத்தில் தௌலி. பாறையிலிருந்து பாதி வெளிவந்து நிற்கிற யானை. அதன் கீழே அசோகனின் ஆணைகள். குன்றின் மேலே, ஜப்பானிய பௌத்தர்களின் முயற்சியில் 1972இல் எழுந்த வெள்ளை ஸ்தூபி. நான் போனபோது வழிகாட்டி சொன்னதும் நம்முடைய பள்ளிப் பாடம் சொன்னதும் ஒன்றுதான்: போர் முடிந்தது, ஆறு சிவந்தது, மன்னன் மனம் மாறினான், இதோ கல்வெட்டு.

இந்த 'இதோ'வில்தான் சிக்கல். ஒன்றரை லட்சம் பேர் பெயர்த்துக் கொண்டுபோகப்பட்டார்கள், ஒரு லட்சம் பேர் கொல்லப்பட்டார்கள், அதைப்போலப் பல மடங்கு மாண்டார்கள் என்று அசோகன் வருந்துவது பதின்மூன்றாம் பாறை ஆணையில். அது கிர்னாரில் இருக்கிறது, கால்சியில் இருக்கிறது, இன்றைய பாகிஸ்தானின் ஷாபாஸ்கர்ஹியில் இருக்கிறது. கந்தஹாரில் அதன் தொடக்கம் கிரேக்க மொழியில்கூடக் கிடைத்திருக்கிறது. தௌலியில் இல்லை. கலிங்கத்தின் இன்னொரு கல்வெட்டு இடமான ஜௌகடாவிலும் இல்லை. 11, 12, 13 ஆகிய மூன்று ஆணைகளும் இங்கே விடப்பட்டு, பதிலுக்கு இரண்டு தனி ஆணைகள் பொறிக்கப்பட்டன. மக்களெல்லாம் என் பிள்ளைகள், அநியாயமாக யாரையும் சிறையில் அடைக்காதீர்கள் என்று அதிகாரிகளுக்குச் சொல்பவை அவை.

நல்ல நிர்வாகம்தான், சும்மா சொல்லக்கூடாது. ஆனால் ஊருலகத்துக்கெல்லாம் தெரிவித்த வருத்தத்தை அடிபட்டவனிடம் மட்டும் தெரிவிக்கவில்லை. புண்ணைக் கிளற வேண்டாம் என்கிற ராஜதந்திரம் என்பார்கள் வரலாற்றாசிரியர்கள். இருக்கட்டும். வருந்துகிற அதே ஆணையில் காட்டு மக்களுக்கு ஓர் எச்சரிக்கையும் உண்டு: வருந்தினாலும் தண்டிக்கிற பலம் என்னிடம் இருக்கிறது என்று. இந்த எச்சரிக்கையைப் பாடப்புத்தகத்தில் யாராவது படித்திருக்கிறீர்களா?

தமிழ் படித்தவனுக்குக் கலிங்கம் என்றதும் நினைவுக்கு வருவது தௌலி அல்ல, பரணி. 12ஆம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் குலோத்துங்கனுக்காகக் கருணாகரத் தொண்டைமான் நடத்திய படையெடுப்பை ஜெயங்கொண்டார் பாடினார். பிணக்களத்தில் பேய்கள் கூழ் அடுவதைப் படித்துச் சந்த அழகை வியப்பது நமக்குப் பழக்கம். பரணி, தோற்றவரின் பெயரால் வழங்கும் இலக்கியம் என்பது எம்.ஏ. வகுப்பில் ஒரு மதிப்பெண் கேள்வி. பெயர் தோற்றவனுடையது, குரல் வென்றவனுடையது என்று அதை விரித்து யாரும் பாடம் நடத்துவதில்லை. அந்தப் பரணியில் ஓடி ஒளிகிற அனந்தவர்மன் சோடகங்கன்தான் இன்று நிற்கிற பூரிக் கோயிலைத் தொடங்கியவன். பூரிக்கு யாத்திரை போகிற தமிழர்களில் எத்தனை பேருக்கு இது தெரியும்?

பெயர் ஒருவருடையது, குரல் வேறொருவருடையது என்கிற இந்த ஏற்பாட்டைப் பண்பாடு என்று நமக்குக் காட்டப்படுகிற எல்லாவற்றிலும் தேடிப் பார்க்கலாம். டிசம்பர் தொடக்கத்தில் கோனார்க் கோயிலைப் பின்னணியாக வைத்து நடனவிழா நடக்கிறது. ஒடிசியின் கதை என்ன? பூரிக் கோயிலில் ஆடிப் பாடியவர்கள் மஹரிகள், ஜகந்நாதனின் மனைவியராகக் கருதப்பட்ட பெண்கள். 1958இல் கட்டக்கில் 'ஜயந்திகா' என்ற பெயரில் குருமார்கள் கூடி ஒடிசிக்கு மேடை இலக்கணம் வகுத்தார்கள். மஹரி வீட்டில் வளர்ந்த பங்கஜ் சரண் தாஸ் அதில் இருந்தார். மஹரிகளிடமிருந்து எடுத்துக்கொண்டார்கள். ஆனால் தொன்மைக்குச் சாட்சியாக முன்னிறுத்தப்பட்டது கோயில் சிற்பமும் சாஸ்திர நூலும். கல்லில் இருந்த பெண்ணுக்குக் கிடைத்த மரியாதை உயிரோடு இருந்த பெண்ணுக்குக் கிடைக்கவில்லை. மேடை ஏறியவர்கள் 'நல்ல குடும்பத்து'ப் பெண்கள். கடைசி மஹரி என்று சொல்லப்பட்ட சசிமணி தேவி 2015இல் பூரியில் இறந்தார். மஹரி முறை திரும்ப வேண்டும் என்று நான் சொல்லவில்லை. முறை வேறு, அந்தப் பெண்களின் கலையறிவு வேறு. முறையை ஒழிக்கிற சாக்கில் அறிவின் உரிமையும் கைமாறிப் போனது.

முக்கோணத்துக்கு வெளியேயும் ஒரு கலிங்கம் இருக்கிறது. புவனேஸ்வரிலிருந்து வடக்கே சுமார் நூறு கிலோமீட்டரில், ஜாஜ்பூர் மாவட்டத்தில் கலிங்கா நகர். சோடகங்கனின் பழைய தலைநகரின் பெயர்தான், இப்போது எஃகு ஆலைகளின் வளாகத்துக்கு. 2006 ஜனவரி 2 அன்று, ஆலைக்காக நிலத்தைச் சுற்றிச் சுவர் எழுப்புவதை எதிர்த்து நின்ற ஆதிவாசிகள் மீது போலீஸ் சுட்டது. பத்துப் பேருக்கும் மேல் செத்தார்கள். ஆலை இன்று ஓடுகிறது. பெயர்த்தெடுத்தல், கொலை, காட்டு மக்களுக்கு எச்சரிக்கை: பதின்மூன்றாம் ஆணையின் உள்ளடக்கம் வரி பிசகாமல் அங்கே நடந்தேறியது, வருத்தத்தைத் தவிர. எந்தச் சுற்றுலாப் பேருந்தும் அங்கே நிற்பதில்லை.

அப்படீன்னா போகவே கூடாதா என்று கேட்கலாம். போக வேண்டும். தௌலியின் யானையும் கோனார்க்கின் சக்கரமும் யார் வீட்டுச் சொத்தும் அல்ல, செதுக்கிய கைகளுக்குரிய மரியாதையை நாம்தான் தர வேண்டும். ஆனால் கையேட்டோடு இன்னும் இரண்டு பிரதிகளை எடுத்துப் போங்கள். ஒன்று, பரணி. தோற்ற ஊரில் உட்கார்ந்து படித்தால் அந்தச் சந்தம் வேறு மாதிரி கேட்கும். மற்றது, பதின்மூன்றாம் ஆணையின் மொழிபெயர்ப்பு. தௌலிப் பாறை முன்னால் நின்று, காட்டு மக்களுக்கான எச்சரிக்கையையும் விடாமல், சத்தமாக வாசியுங்கள். அந்த வருத்தம் போய்ச் சேர்ந்திருக்க வேண்டிய முகவரி அதுதான்.